நாயுடுவின் இடப்பக்கம்

எனிமா டப்பாவைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிவிட்டு, ரப்பர் குழாயின் முனையில் தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவி, சட்டையை மார்புவரை சுருட்டிப் பல்லில் கடித்துக்கொள்கிறார் சக்கரபாணி நாயுடு. வெதுவெதுப்பான தண்ணீர் அவருடைய வயிற்றின் இடப்பக்கத்தில், தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே, ஈரமாகச் சிவந்திருக்கும் ஒரு வாய் வழியாக உள்ளே இறங்குகிறது. குடலைக் கழுவி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை முக்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. வெளியே திருவூடல் தெரு விழித்துக்கொள்கிறது. வாசல் தெளிக்கிற சத்தம், சைக்கிள் மணி, கோயிலிலிருந்து மிதந்து வரும் மேளம். நாயுடு மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

கையில் கசங்கிய இந்திப் பேப்பர் ஒன்று இருக்கும். வடக்கே ஃபிரோஸாபாத்திலிருந்து வரும் வளையல்களைச் சுற்றி அனுப்புகிற பேப்பர். அவருக்கு இந்தி தெரியாது, படம் பார்ப்பார். மணப்பெண் படம் வந்தால் முகத்தை விட்டுவிட்டுக் கையைத்தான் பார்ப்பார். “ரெண்டே கால் சைஸு. எவனோ ரெண்டரைய மாட்டி வுட்டிருக்கான்” என்று சுவரிடம் சொல்வார். அவர் வீட்டில் அன்றாடம் பேச்சுக் கேட்பது அந்தச் சுவர் ஒன்றுதான்.

ஒன்பது மணிக்கு ராஜகோபுரத்துக்கு எதிர்வரிசையில் இருக்கும் அவருடைய பெட்டிக்கடையில் அவரைப் பார்க்கிறவர்களுக்கு இந்த மனிதரை அடையாளம் தெரியாது. பேச்சு அருவியாகக் கொட்டும். இந்த ஊர்ப் பெண்களில் பாதிப் பேரின் கையை நாயுடு பிடித்திருக்கிறார். வேறு யாரைப் பற்றியாவது இப்படிச் சொன்னால் செருப்படி விழும். அவரைப் பற்றிச் சொன்னால், “எங்கம்மாவுக்கும் அவருதான் போட்டாரு” என்று பெண்களே சிரிப்பார்கள். எலும்பு பெருத்த கையாக இருந்தாலும் சோப்பு நுரை கேட்க மாட்டார். கட்டைவிரலின் அடிச்சதையைப் பூப்போல அமுக்கி, “மூச்சை வுடும்மா, மூச்சைப் புடிச்சா எலும்பு முரண்டு புடிக்கும்” என்பார். அந்தப் பெண் மூச்சு விடுவதற்குள் வளையல் மணிக்கட்டில் இருக்கும்.

நான்கு வருஷமாகச் சில மாற்றங்கள். வருகிறவர்களை வலப்பக்கம்தான் உட்காரச் சொல்கிறார். இடப்பக்கம் எப்போதும் ஒரு கொத்து ஊதுபத்தி புகைந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கம் சாமி படம் எதுவும் கிடையாது. ஒருநாள் பூ விற்கிறவள் கேட்டேவிட்டாள்.

“சாமி இல்லாத எடத்துல ஊதுபத்தி யாருக்கு நாயுடு?”

“எனக்குத்தான். பேரு சக்கரபாணியாச்சே. நானும் ஒரு பெருமாளு.”

“பெருமாளுக்கு வெண்பொங்கல் குடுத்தா துண்ண மாட்டேங்குதே.”

“பெருமாளுக்கு வயிறு சரியில்ல, போ.”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கடை நேரத்தில் அவர் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படுவதில்லை. ஒரு நாளைக்கு ஒரே வேளை, சாயங்காலம், அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திய பிறகு.

அவருடைய ஐம்பத்திரண்டாவது வயதில் வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தது. மூலம் என்று நினைத்துக்கொண்டு ஒரு வருஷம் கருணைக்கிழங்கு சாப்பிட்டார். அதற்கப்புறம்தான் வேலூருக்குப் போனது. பெரிய டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, மனைவியைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். கஸ்தூரி வெளியே போகவில்லை. உள்ளே கட்டி இருக்கிறது, அதை எடுத்துவிட்டுப் பழைய வழியைத் தைத்து மூடிவிட வேண்டும், குடலின் முனையை வயிற்றில் திறந்து வைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

“காலம் பூராவும் இப்டித்தானா சார்?” என்று கேட்டார் நாயுடு.

“காலம் வேணும்னா இப்படித்தான்” என்றார் அவர், இரக்கமாகவே.

ஊர் திரும்புகிற பஸ்ஸில் கஸ்தூரி தீர்மானித்துவிட்டாள். “மூல ஆபரேசன்னு சொல்லிக்கலாம். தொட்டு வளையல் போடற கை. தெரிஞ்சா எவளும் கை குடுக்க மாட்டா. வேதாவுக்கும் வேணாங்க. கட்டிக் குடுக்கற எடத்துல ஒளறி வெக்கும்.” வேதா அவர்களுடைய ஒரே பெண். அப்போது ஊருக்கு வெளியே அடி அண்ணாமலையில் அத்தை வீட்டில் இருந்தாள். ஆறு மாதத்தில் போளூரில், மின்சார ஆபீசில் வேலை பார்க்கும் ராமகிருஷ்ணனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். அப்பாவின் சட்டைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே அவள் தாலி கட்டிக்கொண்டு போனாள்.

கஸ்தூரி இருந்தவரை நாயுடுவுக்கு அந்தச் சிவந்த வாய் ஒரு பாரமாகவே தெரியவில்லை. தினமும் காலையில் அவள்தான் கழுவி விடுவாள். முகம் சுளித்து அவர் பார்த்ததில்லை. “இன்னிக்கி நல்லா செவந்திருக்குதுங்க, மருதாணி வெச்சாப்பல” என்பாள். ட்ரில் துணியில் இடுப்புப் பட்டை தைத்துக் கொடுப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலை வந்து பதினோரு நாளில் போய்விட்டாள். இரண்டு பேர் சேர்ந்து காத்த ரகசியம் ஒரு ஆளின் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து அந்த இடத்தை வேறு ஒரு கண் பார்த்ததில்லை, வேறு ஒரு விரல் தொட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பைகள் இந்த ஊர் வெயிலில் ஒரே வருஷத்தில் வெடித்துப்போயின. நாயுடு தானே ஒரு வழி கண்டுபிடித்தார். குழந்தைகளுக்குப் போடுகிற கறுப்பு பிளாஸ்டிக் வளையல் ஒன்றை எடுத்து, அதற்குள் பாலிதீன் பையின் வாயை நுழைத்து வெளிப்பக்கம் மடித்தார். அந்த வளையம் குடலின் வாயைச் சுற்றி உட்காரும்படி வைத்து, மேலே பட்டையைக் கட்டினார். ஒண்ணே முக்கால் சைஸ் கச்சிதமாக இருந்தது. “முப்பது வருசமா ஊருக்கெல்லாம் அளவு பாத்தேன். கடைசில என் வயித்துக்கும் பாத்துட்டேன்” என்று கஸ்தூரியிடம் பெருமையாகச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஆனால் உடம்பு ஓர் அளவில் நிற்கவில்லை. வளையல் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி, இடப்பக்கம் ஒரு முலாம்பழத்தை ஒளித்து வைத்ததுபோலப் புடைத்துக்கொண்டது. இருமினால் குடல் நாலு விரல் நீளத்துக்கு வெளியே வழுக்கிக்கொண்டு வரும். மல்லாந்து படுத்து, ஈரத்துணியால் மெல்ல அமுக்கினால் உள்ளே போகும். கசிவு பட்டுப் பட்டு, சுற்றிலும் தோல் சுண்ணாம்பு பட்ட நாக்குபோல வெந்து கிடக்கும். போன வருஷம் வேலூரில் காட்டியபோது, “இதைச் சரிபண்ணிடலாம், பயப்படாதே. ஆனால் கூட ஒருத்தரை அழைச்சுக்கிட்டு வா” என்றார் டாக்டர். நர்ஸ் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: “செவப்பு மாறிக் கறுத்துப்போச்சுன்னா ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க, ஓடி வந்துடுங்க.” நாயுடு தலையை ஆட்டிவிட்டு வந்தார். யாரை அழைத்துக்கொண்டு போவது? யோசித்து யோசித்துப் பார்த்தார். ஆள் கிடைக்கவில்லை. வேலூருக்குத் திரும்பப் போகவும் இல்லை.

இப்படி இருக்கையில்தான் மார்கழி கடைசியில் போளூரிலிருந்து ஒரு கார்டு வந்தது. வேதாவின் மாமியார் எல்லம்மாள் யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருந்தாள். தை பிறந்ததும் மருமகளுக்கு வளைகாப்பு. வளையலைச் சம்பந்தியே தம் கையால் போட வேண்டும். அன்றைக்கே பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

கார்டைப் படித்துவிட்டு நாயுடு அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரே அறை. ஒரு கயிற்றுக் கட்டில். ஆணியில் டப்பா. கொடியில் காயும் பட்டைகள். எந்த ஊதுபத்திக்கும் அடங்காத அந்த வாசனை. இங்கே அவள் வந்தால் ஒரு பொழுதுகூட மறைக்க முடியாது. மகள் வயிற்றில் பேரப்பிள்ளை என்று தெரிந்த நாளில் அவர் கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டவர். இப்போது அந்த மகள் வீட்டுக்கு வரப் போகிறாள் என்பதை நினைத்து நடுங்கினார்.

அடுத்த நாளே அடி அண்ணாமலைக்கு நடந்தார். தங்கை தங்கம்மாள் வாசலில் மல்லாட்டை உரித்து, கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“வேதாவ ஒரு மூணு மாசம் உன் வூட்ல வெச்சுக்க தங்கம்.”

“அப்பன் உசுரோட இருக்கறப்ப அத்த வூட்ல பெத்துக்கவா? நல்லாருக்குது ஞாயம்.”

“என் ரூம்ல எலி ஜாஸ்தி.”

“பூனை வளத்துக்க.”

“சொன்னாக் கேளு.”

“நான் மாட்டேன்னு சொல்லல அண்ணா. ஆனா அவ என்னைக் கேட்டா பொய் சொல்ல மாட்டேன். உங்க நைனாவுக்கு நீ வர்றது புடிக்கலன்னுதான் சொல்லுவேன்.”

நாயுடு தங்கை கொடுத்த மோரை வாங்கிக் குடிக்கவில்லை. தங்கம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பொங்கலுக்குப் போளூர் போனவளை வேதா கேட்க, உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

வளைகாப்பு அன்று நாயுடு முதல்நாள் மத்தியானத்திலிருந்து பட்டினி. அந்த மங்கல வீட்டில் ஒரு சொட்டுக் கசியக் கூடாது, ஒரு சின்ன வாடை எழக் கூடாது. அதனால் அன்று மட்டும் ஒண்ணே முக்கால் வளையலை எடுத்து வைத்துவிட்டு, தொட்டில் குழந்தைக்குப் போடுகிற சின்ன சைஸைப் பொருத்தினார். பட்டையையும் இழுத்துக் கட்டினார். வளையல் கொஞ்சம் பிடித்தாற்போல இருந்தால்தான் நழுவாது என்று எத்தனையோ பெண்களுக்குச் சொன்னவர், தம் குடலுக்கும் அதையே சொன்னார். செய்த தப்பு அதுதான்.

பஸ்ஸில் எவரோ மிளகாய் மூட்டை ஏற்றியிருந்தார்கள். போளூர்வரை இருமல் ஓயவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் அந்தச் சின்ன வளையத்தின் வழியாகக் குடல் வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. வந்தது திரும்பவில்லை. இறங்கும்போதே கொக்கி போட்டு இழுக்கிற மாதிரி ஒரு வலி.

கூடத்தில் மணைமேல் வேதா உட்கார்ந்திருந்தாள். கன்னத்திலும் கையிலும் சந்தனம், தலை கொள்ளாத பூ. அப்படியே கஸ்தூரி. நாயுடு பல்லைக் கடித்துக்கொண்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். வலக்கையில் பச்சையும் சிவப்புமாக வளையல்கள் ஏறின. கடைசி வளையல் ஏறும்போது அவருடைய நெற்றி வியர்வை மகளின் மணிக்கட்டில் சொட்டியது.

“அந்தக் கையக் குடும்மா.”

வேதா இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“அத்த சொல்லிச்சு” என்றாள் தாழ்ந்த குரலில். “என்னை அங்க வுடப் போறீங்களாமே.”

“சனங்க பாக்குது. கை குடும்மா.”

“ரெண்டு வருசமா என் வூட்ல ஒரு வாய்த் தண்ணி குடிச்சதில்ல. பத்து மணிக்கு வந்தா ஒரு மணிக்குப் போயிடறீங்க. நான் இன்னா தப்பு பண்ணேன் நைனா? அம்மா இருந்தா இப்டி வுடுமா?”

“வேதா.”

“சொல்லுங்க. அப்பறம் குடுக்கறேன்.”

சுற்றியிருந்த பெண்களுக்குப் பேச்சு கேட்கவில்லை. அவள் கையை ஒளித்துக்கொண்டது மட்டும் தெரிந்தது. “பொண்ணு தங்கத்துக்கு அடம் புடிக்குது நாயுடு. ரெண்டு பவுன் ஒத்துக்கிட்டாத்தான் கை வரும்” என்றாள் ஒருத்தி. “ஏண்டி ரெண்டோட நிறுத்தற, மூணாக் கேளு” என்றாள் இன்னொருத்தி. “எங்களுக்கு ஒண்ணும் வேணாம்பா. அப்பனும் பொண்ணும் பேசி முடிச்சுக்கட்டும்” என்று எல்லம்மாள் கையை விரித்தாள். கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே நாயுடு சுவரைப் பிடித்து எழுந்து, தள்ளாடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

குளிக்கிற மறைப்பில் நின்று பட்டையை அவிழ்த்தார். மருதாணிச் சிவப்பு எங்கே? நாவல்பழமாகக் கறுத்து, வீங்கி, கறுப்பு வளையல் சதைக்குள் புதைந்து கிடந்தது. நர்ஸ் சொன்னது காதில் ஒலித்தது. பிளாஸ்டிக்தானே, இரண்டு கையாலும் நெரித்தால் உடைந்துவிடும். நாயுடுவுக்குக் கை வரவில்லை.

வேதாவுக்கு முன்னால் கஸ்தூரிக்கு ஒரு பிள்ளை உண்டாகியிருந்தது. அந்த வளைகாப்பில் நாயுடுவின் விரலுக்குள் ஒரு வளையல் உடைந்தது. அந்தப் பிள்ளை தங்கவில்லை. யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. அவர்தான் இருபத்தைந்து வருஷமாகத் தம்மைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கு இந்த வீட்டில், மகளுக்குப் பாதி வளையல் ஏறியிருக்கும்போது, இன்னொரு வளையலை அந்தக் கை உடைக்குமா? உயிர் போனாலும் போகட்டும் என்று ஈரக் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“நைனா, உள்ள இன்னா பண்றீங்க?”

“வராதம்மா. புள்ளத்தாச்சி பாக்கக் கூடாது.”

அவள் தட்டியை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பார்த்தாள். கன்னத்துச் சந்தனத்தின்மேல் கண்ணீர் கோடு போட்டது. ஆனால் பின்வாங்கவில்லை.

“எப்பலேர்ந்து?”

“நாலு வருசம்.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“அவதான் பாத்துக்கிட்டா.”

“அதுக்கப்பறம்?”

அந்தக் கேள்விக்குள் இரண்டு வருஷம் இருந்தது.

“அந்த வளையலை ஒடைங்க.”

“இன்னிக்கி இந்த வூட்ல ஒடையக் கூடாதும்மா. உனக்கு ஆகாது.”

“உங்களுக்கு ஒண்ணு ஆனா மட்டும் எனக்கு ஆகுமா?”

வேதா உள்ளே போய், தாம்பூலத் தட்டிலிருந்த பாக்குவெட்டியை முந்தானையில் மறைத்து எடுத்து வந்தாள். சதைக்கும் வளையலுக்கும் நடுவே தன் சுண்டுவிரலைக் கொடுத்து, வெட்டியின் வாயை வைத்தாள். “அசையாதீங்க நைனா” என்றாள். சின்னதாக ஒரு சத்தம். வளையல் இரண்டாகப் பிரிந்து கல்லில் விழுந்தது. நாயுடு கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவளோ தண்ணீரில் துணியை நனைத்து, அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, வலக்கையால் மெல்ல மெல்ல அமுக்கிக்கொண்டே இருந்தாள். அத்தனை வளையல்களும் அவர் வயிற்றின்மேல் கலகலத்தன. வெகுநேரம் கழித்துக் கறுப்பு கலைந்தது. சிவப்பு திரும்பியது. குடல் உள்ளே வழுக்கிப் போனது.

ராமகிருஷ்ணனைக் கூப்பிட்டாள். அவன் ஒரு தடவை பார்த்தான். “வேலூருக்குக் கார் பேசிட்டு வரேன்” என்று செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான்.

“கூட ஆள் வேணும்பாங்கம்மா” என்றார் நாயுடு, குழந்தையைப் போல.

“நாங்க ரெண்டு பேரும் வரோம். மாமிகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

கூடத்தில் பெண்கள் இன்னும் காத்திருந்தார்கள். ஒரு கை நிறைய வளையலும் ஒரு கை வெறுமையுமாக வளைகாப்புப் பெண்ணை விட்டுவிட முடியுமா? வேதா வந்து மணையில் உட்கார்ந்தாள். ஈரத் துண்டை வயிற்றில் சுற்றிக்கொண்டு நாயுடுவும் வந்தார்.

“என்னா சம்பந்தி, மொகமெல்லாம் வெளுத்திருக்குது. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல போல” என்றாள் எல்லம்மாள்.

“அத வுடு. தங்கம் ஒத்துக்கிட்டாரா இல்லியா, அதக் கேளு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நாயுடு வேட்டி மடிப்புக்குள் விரலை விட்டு, அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்த திருவூடல் தெரு அறைச் சாவியைத் துழாவினார். முடிச்சு சுலபத்தில் அவிழவில்லை. நகத்தால் நெம்பி அவிழ்த்தார்.

“இரும்புப் பெட்டிச் சாவியே வருதுடி” என்று ஒருத்தி கத்தினாள்.

அவர் அந்தச் சாவியை மகளின் வலது உள்ளங்கையில் வைத்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.